பெரட்டில் நான் சொன்ன பொய்

மணியம் அன்றும் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் நம்பினேன். அவன் என் தங்கையின் கணவன். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. எங்கள் தோட்டத்தில் இருபது வருடமாக என்னோடு செம்பனைக் குலை வெட்டுகிறவன். எங்களை வேலை வாங்கும் மண்டோர் பேர் வாசிக்கும் காலைப் பெரட்டுக்கு மட்டும் நேரத்தில் வரமாட்டான். அவனுக்கும் சேர்த்து நான்தான் குரல் கொடுப்பேன்.

"மணியம்!" என்றார் மண்டோர்.

"வந்துட்டான் மண்டோர். கக்கூசுக்குப் போயிருக்கான் லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

பெரட்டு கலைந்ததும் தங்கை போன் செய்தாள். "அண்ணே, இன்னிக்காவது ஒனக்கு முன்னாடி போய் நிக்கணும்னு அவரு அஞ்சு மணிக்கே கெளம்பிட்டாரு. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறாருண்ணே."

பயத்தில் இந்த மகா தைரியசாலி என்ன செய்தேன் தெரியுமா? நான் சொன்ன பொய்யை நானே நம்பி, கக்கூஸ் கதவைப் போய் இடித்தேன். "மச்சான், வெளிய வாடா!" வங்காளதேசத் தொழிலாளி ஒருவன் கால்சட்டையைப் பிடித்தபடி அலறிக்கொண்டு வந்தான்.

பிறகுதான் பெரட்டுத் திடலை ஒட்டிய உரக் கொட்டகைக்குப் பின்னால் மணியத்தின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். பக்கத்தில் அவன் கிடந்தான். நெஞ்சை அமுக்கினேன், கன்னத்தில் தட்டினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். சிரம்பான் ஆஸ்பத்திரி வரைக்கும் லோரியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

மாரடைப்பு, விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

அவனுக்காக எத்தனையோ நாள் பொய் சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் மணியம் எங்கள் எல்லாருக்கும் முன்பே பெரட்டுக்கு வந்திருந்தான்.