கூட்டுக்குப் பஜனை என்று பெயர்

மங்களத்தின் மரண அறிவிப்பில், தொழில் பால்வெட்டு என்று போட்டார்கள். பாதிதான் சரி. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலையில் அவள் பாலுக்காக மரம் வெட்டினாள். மாலையில் கூட்டு நடத்தினாள்.

கூட்டு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். சேர்ந்ததை முறைவைத்து ஒருத்தி மொத்தமாக எடுப்பாள். பலர் கூடிப் போடுவதால் கூட்டு. நம் ஆட்களோடு கப்பலேறி வந்த சொல். மலாய்க்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பேங்குக் காவலாளியைக் கண்டாலே திரும்பிவிடுகிறவர்களுக்கு அதுதான் பேங்கு.

1971இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் லயத்துக்கே வந்து சொன்னார்.

"நம்ம சொல்லு இங்கிலீஷ் சட்டத்துலயே ஏறிருச்சுலா. கூட்டுன்னே போட்டிருக்கான். தமிழுக்குப் பெருமை."

"ஏறி என்னா சொல்லுது?" என்றாள் மங்களம். 

"கூட்டு நடத்துனா ஜெயிலுன்னு சொல்லுது."

பெண்கள் கூடி யோசித்தார்கள். தடை கூட்டுக்குத்தானே, பேரை மாற்றினால் போயிற்று என்று முடிவானது. அன்றிலிருந்து அது பஜனை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடுவார்கள். காசை விளக்கு முன்னால் தாம்பாளத்தில் வைப்பார்கள். போலீஸ் வந்தாலும் கும்பிட்டுவிட்டுப் போகும் என்று நம்பினார்கள்.

போலீஸ் வரவில்லை. கோயில் தலைவர் சன்னாசி வந்தார். அந்த மாதம் மங்களத்தின் முறை. மகனுக்கு ஈப்போவில் தொழிற்பள்ளிச் சேர்க்கை. திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும்.

சன்னாசி தாம்பாளத்தைத் தூக்கினார். "பஜனைக் காசு கோயில் காசு. கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்."

இல்லையென்று சொல்ல வழியில்லை. உண்மையைச் சொன்னால் சட்டம்.

"தலைவரே, அது பஜனைக் காசு இல்ல," என்றாள் மங்களம். "கூட்டுக் காசு."

"என்னா பேசுறேன்னு தெரியுதா? உள்ள தூக்கி வச்சிருவான்."

"தெரியும்லா. ஜெயிலு பக்கத்துலதானே இருக்கு, பஸ்ஸு கூட வேணாம். ஆனா தனியாப் போறதுக்குப் பேரு கூட்டு இல்ல. போட்டவ, எடுத்தவ எல்லாரும் வரணும். போன மாசம் எடுத்தது யாருன்னு உங்க வீட்டுல கேளுங்க."

சன்னாசி தன் மனைவி காளியம்மாவைப் பார்த்தார். அவள் சாமியைப் பார்த்தாள்.

"போன மாசம் வாங்குன அந்த ரேடியோ?" என்றார்.

"கேக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள் காளியம்மா.

சன்னாசி தாம்பாளத்தைக் கீழே வைத்தார். வெறுங்கையோடு போக மனமில்லாமல், "சாமி முன்னால பொய் சொல்லக்கூடாது. பஜனைன்னா ஒழுங்காப் பாடுங்க," என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் பாட வைத்தார். மங்களத்துக்குச் சுருதியும் இல்லை, வரியும் தெரியாது. முந்தானையில் காசை முடிந்துகொண்டு, தெரிந்த ஒரே அடியைத் தப்பும் தவறுமாக உரக்கப் பாடினாள்.

திங்கட்கிழமை மகன் பஸ் ஏறினான். அந்தப் பாட்டின் சரியான வரியை அவன் பின்னால் கற்றுக்கொண்டான். அம்மாவின் கருமாதியன்று அவன் பாடியபோது, அவள் பாடிய மாதிரியே தப்பாகத்தான் வந்தது.