ஹலீமா தேடிப் போன ஆள்

பிரதமரம்மாவை அவர் வீட்டுக் காவலர்களே சுட்டுக் கொன்ற வருடம் அது. நம் முதலமைச்சர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மார்கழியில் ஓட்டுப் போட்டோம், அவர் ஊருக்கு வராமலே ஜெயித்தார். அந்த இரண்டு சேதிக்கும் நடுவே, கார்த்திகையில் ஒரு சந்தை நாளன்று, மாட்டு வியாபாரி பாஷா பாயைத் தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே யாரோ கல்லால் அடித்துக் கொன்றார்கள். கொன்றது நான் என்று தீர்ப்பாகி ஜெயிலுக்குப் போனேன். அங்கிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவர் பாஷா பாயின் சம்சாரம் ஹலீமா. அவர் போன வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார்.

சேதியை அவர் மகன் சலீம் போனில் சொன்னான். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றான். அவன் என்னை மாமா என்று கூப்பிடுவது அவர்கள் சொந்தத்தில் சிலருக்கு இன்றைக்கும் பிடிக்காது. அவர்களும் இதைப் படிக்கட்டும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

நான் இண்டூர்ப் பக்கம். பெயர் மாதையன், தொழில் மாட்டுத் தரகு. எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. சுற்றி நிற்கிறவன் காதுக்குப் போகக் கூடாதென்று, ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வோம். அன்று பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று ஒருவர் ஒரு ஜோடி எருதைச் சந்தைக்கு ஓட்டிவந்திருந்தார். பெயர் ரங்கன் என்றார். பாஷா பாய் மாட்டைச் சுற்றிவந்து பார்த்தார். துண்டுக்கு அடியில் என்னிடம் கையைக் கொடுத்தார். விலை பாதி படியும்போது வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார். அப்படிச் செய்வது தரகன் முகத்தில் துப்புகிற மாதிரி.

"என்ன பாய், கைய உருவிட்டீங்க?"

"வேணாம் மாதையா. இந்த மாடு எனக்கு ஆவாது."

"ஆவாதுன்னா மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாலு பேரு முன்னால தரகன அசிங்கப்படுத்துற கைய வெட்டிப் போடணும்!"

கோபத்தில் வந்த சொல். தள்ளுமுள்ளு ஆனது. என் தோளில் கிடந்த துண்டும் ரங்கன் துண்டும் மண்ணில் விழுந்தன. அவர் ஒன்றை எடுத்தார், நான் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் காடாத் துண்டு.

மறுநாள் பாஷா பாய் பிணமாகக் கிடந்தார். முகத்தை மூடி ஒரு துண்டு போட்டிருந்தது. துண்டின் மூலையில் சலவைக் குறி. அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, சேராங்கொட்டை மையால் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். எங்கள் ஊர் சலவைக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்கள். "மூணு புள்ளி, ஒரு சாய்கோடு. மாதையன் வூட்டுதுங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அழுதார்.

சந்தையில் துண்டு மாறிவிட்டது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சந்தையில எல்லாந் துண்டும் மாறுது. உன் துண்டு மட்டும் எப்படிடா பொணத்து மூஞ்சில வந்து உக்காந்துச்சு? சரி, மாறி வந்த துண்டு எங்கே?" என்றார். என் வீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. என் சம்சாரம் முனியம்மா நிறைமாதம். நான் சந்தையிலிருந்து வந்த மறுநாள் காலையில், பிரசவத்துக்கென்று ஏரியூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கட்டிய துணி மூட்டையில் அந்தத் துண்டும் போய்விட்டது. அது எனக்கும் தெரியாது, அப்படி ஒரு துண்டைத் தேடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. பாலக்கோட்டுப் பக்கம் ரங்கனையும் தேடினார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை, நீயே கட்டிவிட்ட பெயர் என்றார்கள்.

கோர்ட்டில் ஹலீமா எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். கூண்டைவிட்டு இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "உன் வம்சம் வெளங்குமாடா?" என்றார். எனக்கு ஆயுள் தண்டனை.

அதற்குப்பின் நடந்ததை முனியம்மா சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். புருஷன் போனபிறகு ஹலீமா துணி மூட்டையைத் தலையில் வைத்து ஊர் ஊராக விற்கப் போனார். ஒரு நாள் ஏரியூரில் ஒரு வீட்டு வாசலில் மூட்டையை இறக்கிக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அது என் மாமனார் வீடு என்று அவருக்குத் தெரியாது. முனியம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. தீர்ப்பு நாளன்று மட்டும் அவள் கோர்ட்டுக்கு வந்திருந்தாள், அன்று ஹலீமாவும் அங்கே இருந்தார்.

"அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்ங்க. நான் மாதையன் சம்சாரம். எங்கையால தண்ணி குடிப்பீங்களோ என்னமோ, அதான் சொல்லிட்டேன்."

ஹலீமா மூட்டையைத் திரும்பக் கட்டினார். அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. முனியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடியில் விரித்திருந்த துணியை உதறினாள். பிறந்த பிள்ளையை நம் பக்கத்தில் புதுத்துணியில் சுற்றுவதில்லை. பழகிய பருத்தித் துணிதான். என் மகளைச் சுற்றியது நான் கடைசியாகக் கொண்டுவந்த அந்தத் துண்டில். வளர்ந்தபிறகும் அதில்தான் படுப்பாளாம், வேறு துணி விரித்தால் அழுகையாம்.

"அது யாரு துண்டு?" என்று ஹலீமா கேட்டார்.

"அவருதுங்க. கடைசியா சந்தைக்குப் போயிட்டு வந்தப்ப தோள்ல கெடந்தது."

"உங்க வூட்டுக் குறி மூணு புள்ளி இல்ல? கோர்ட்டுல காட்டுனாங்களே. இதுல வட்டம் போட்டு நடுவுல கோடு கிழிச்சிருக்குது."

குறி வேறாக இருக்கிறதென்று அதுவரை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஹலீமா மறுபடி உட்கார்ந்தார். "தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு, "இத இனிமே நனைக்காத. பொட்டியில வெய்யி" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஜெயிலில் மனு போட்டு என்னைப் பார்க்க வந்தார். இன்னொரு சாபம் விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"அந்த மாட்டுல என்ன இருந்துச்சு?"

"எந்த மாடும்மா?"

"அந்த ஜோடி எருது. எங்க வூட்டுக்காரர் காரணமில்லாம துண்டுக்குள்ள விட்ட கைய எடுக்க மாட்டாரு. அந்த ஆளோட குடும்பம் பண்ணவ நான். நெனச்சுப் பாத்துச் சொல்லு."

நினைத்துப் பார்த்தேன். எருதின் பின்தொடையில் பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. அதன்மேல் புதிதாக இன்னொரு சூடு, பொருக்குகூட உதிராமல். "நோவுக்குப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்மா" என்றேன்.

"பழைய அடையாளத்த அழிக்கப் போட்டது அது. திருட்டு மாடு. அவரு அதக் கண்டுட்டாரு. கண்டுட்டாருன்னு அந்த ரங்கனும் கண்டுட்டான்." போகத் திரும்பினவர் மறுபடி கம்பியைப் பிடித்தார். "கோர்ட்டுல உன் வம்சத்தச் சொன்னேனே, அந்த வார்த்தைய எடுத்துக்கிட்டேன்னு வெச்சுக்க. ஆனா உன்ன நம்பிட்டேன்னு இன்னும் சொல்லல, ஆமா."

அவரிடம் சேலை வாங்கிய உங்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஊருக்குள் வந்தால் மூட்டையை இறக்குமுன் கொடியில் காயும் துணிகளைத்தான் பார்ப்பார். எங்கள் துணி அவ்வளவு அழகா என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர் பார்த்தது மூலைகளை. ஏரிக்கரைகளில் துவைக்கிறவர்களிடம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, மண்ணில் வட்டமும் கோடும் வரைந்து காட்டிக் கேட்பார்.

வீட்டில் அவருக்கு வந்த பேச்சு கொஞ்சமில்லை. அவர் கொழுந்தனார் ஒரு நாள், "புருஷனக் கொன்னவனுக்கே வக்காலத்து வாங்கறியா?" என்று கத்தினார். "கொன்னவன் எங்கியோ உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கான். அவனுக்குத்தான் நீ வக்காலத்து வாங்கறே" என்று ஹலீமா சொன்னார். அந்த வீட்டை விட்டு வெளியேறி, சலீமோடு தனியாக ஒரு அறையில் இருந்தார்.

கடைசியில் தொப்பூர்ப் பக்கம் ஒரு ஏரியில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குறியைப் பார்த்ததும், "இது எங்க கைக் குறிதான்" என்றார். ரோட்டோரம் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் வீட்டுக் குறி. கொலை நடந்த அடுத்த பொங்கலோடு கடையை மூடிவிட்டுக் கன்னட நாட்டுப் பக்கம் போய்விட்டாராம். தருமபுரியில் ஒரு பெரிய வக்கீல் இதையெல்லாம் கேட்டு மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். சலவைக்கார அம்மாவும் வந்து சொன்னார். முதலமைச்சர் இறந்து ஊரெல்லாம் கடையடைத்த மார்கழிக்கு அடுத்த கோடையில் என்னை விடுதலை செய்தார்கள்.

வந்ததும் நேராக ஹலீமா வீட்டுக்குப் போய்க் காலில் விழப் பார்த்தேன். "எந்திரிண்ணா. நீ வெளிய வந்துட்டே, எங்க வூட்டுக்காரர் கேசு இன்னும் உள்ளதான் கெடக்குது. எனக்கு அந்த ஆளோட குறி தெரியும், மூஞ்சி தெரியாது. உனக்கு மூஞ்சி தெரியும். எந்தச் சந்தைக்கு மொதல்ல போலாம் சொல்லு" என்றார். அன்றுதான் என்னை முதன்முதலாக அண்ணா என்றார்.

இரண்டு பேரும் எல்லை தாண்டிச் சந்தை சந்தையாக அலைந்தோம். அவர் தலையில் மூட்டை, என் கையில் கோல். ஒரு தடவை பஸ் கண்டக்டர், "வூட்டுக்காரம்மாங்களா?" என்று என்னைக் கேட்டார். ஹலீமா முந்திக்கொண்டு, "இல்லீங்க. எங்க வூட்டுக்காரரக் கொன்னுட்டாருன்னு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவரு" என்றார். அப்புறம் கண்டக்டர் எங்கள் பக்கமே வரவில்லை. மீதிச் சில்லறையும் வரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஊர்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஒரு கன்னடத்துச் சந்தையில் ரங்கனைப் பார்த்தேன். தலை நரைத்து, ஒரு பசுவின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றார். நான் கண்ணைக் காட்டினேன். ஹலீமா மூட்டையோடு நேரே அவர் எதிரில் போய், "சேலை பாக்கறீங்களா?" என்றார். "பேடம்மா" என்று கன்னடத்தில் வேண்டாமெனக் கையை ஆட்டியவர், ஹலீமாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். கயிறு கையை விட்டு நழுவியது. ஓடப் பார்த்தவரைச் சந்தைக்காரர்கள் மடக்கினார்கள். போலீஸ் வந்தது, கேஸ் திரும்ப நடந்தது.

அந்தக் கேசில் நீதிபதி என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சந்தையில் துண்டு மாறும் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்களிடமிருந்து இவரிடம் மாறிய துண்டு, இவரிடமிருந்து இன்னொருவரிடம் மாறியிருக்கக் கூடாதா? அந்த எருதுகளும் கிடைக்கவில்லை, கொலையைக் கண்ணால் பார்த்தவர்களும் இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ரங்கனை விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "ஒரு துண்ட வெச்சு என்னத் தூக்கி உள்ள போட்டாங்க, அவன வுட்டுட்டாங்களேம்மா!"

"உனக்குப் பண்ணது தப்புன்னுதானேண்ணா இத்தன ஊரு சுத்தினேன்? அதே தப்ப அந்தாளுக்குப் பண்ணுங்கன்னு கேக்கச் சொல்றியா? எனக்கு அந்த ஆளு வேணும். எவனோ ஒரு ஆளு வேணாம்."

சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்ற ரங்கனிடம் போனார். நானும் பின்னால் போனேன். "கோர்ட்டு கேக்க வேண்டியதக் கேட்டுடுச்சு. இப்ப நான் கேக்கறேன். நீயா?" என்றார். அந்த ஆள் பாதி டீயோடு கிளாசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"மூஞ்சியப் பாத்தியாம்மா? பயம். அவன்தான்" என்றேன்.

"கோர்ட்டுல உன் மூஞ்சிலயும் அந்தப் பயந்தான் இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் உன் வம்சத்தத் திட்டினேன்" என்றார் ஹலீமா.

அவர் தேடுவதை நிறுத்தவில்லை. புதிதாக ஒரு சேதி வந்தால் சொல்லி அனுப்புவார், நானும் போவேன். எல்லாம் எங்காவது போய் முட்டிக்கொண்டு நிற்கும். கால் முட்டி போனபிறகு மூட்டை தூக்குவதை விட்டார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணா?" என்பதுதான் முதல் பேச்சு. கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குப் போனேன். ஒதுங்கி வேலியோரம் நின்றேன். சலீம் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "மண்ணு போடுங்க மாமா" என்றான். போட்டேன்.

கொன்றது யார் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லுகிறேன். அன்று டீக்கடையில் அவசரப்பட்டதைத் தவிர, இதில்கூட யாரையும் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை, மகள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஹலீமாவிடமிருந்து என்னிடம் தங்கியது அவ்வளவுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வாய், அதோடு அவர் டீக்கடையில் கேட்ட 'நீயா?' என்ற ஒற்றைக் கேள்வி. இன்ஸ்பெக்டர் போய்விட்டார். எங்கள் ஊர் சலவைக்காரர், ஏரிக்கரை அம்மா, வக்கீல், என் முனியம்மா, எல்லாரும் போய்விட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் மட்டும் எல்லைக்கு அப்பால் மகன் வீட்டில் இருக்கிறார். காது கேட்கிறதாம், பேச்சும் தெளிவாக இருக்கிறதாம். ரங்கன் என்பது சந்தையில் சொன்ன பெயர். அவருடைய சொந்தப் பெயர் சிங்காரம்.