குசினிப் படியால் ஏறிப் பார்த்த பலெர்மோ

இரண்டு வருசத்துக்கு முன்னம், பலெர்மோவில், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. உங்கள் பத்திரிகையில் போடக் கேட்டதால் சொல்கிறேன். அதுக்கு முதல் நான் ஆரென்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலைவெட்டி இல்லாத கிழவன் ஊர் சுற்றின கதை என்று நினைப்பீர்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இத்தாலி மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல் இந்த ஊரில் வந்து இறங்கினேன். முதல் மாரிக் குளிருக்கு ஒரு படிக்கட்டுக்குக் கீழேதான் படுக்கை. பாஷையைச் சந்தையில் மீன் கூவி விற்கிறவர்களிடம் படித்தேன். அதனால் இன்றைக்கும் நான் மெதுவாகக் கதைத்தாலும் ஆக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீடு வீடாய்த் தரை துடைத்தேன். தெருவோரத்தில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் விற்றேன். பிறகு கடை போட்டேன். "உது ஆறு மாசம் தாங்காது" என்றவர்கள் இப்போது என் கடையில்தான் இடியப்ப மா வாங்குகிறார்கள். சண்டைக் காலத்துச் செல்லடியில் கூரை போன ஊர் வீட்டைத் திரும்பக் கட்டினேன். மகளைப் படிப்பித்து ஜேர்மனியில் கட்டிக் கொடுத்தேன். எங்கள் ஆக்களுக்கு ஒரு கொண்டாட்டம் என்றால் மண்டபம் பிடிக்கிறதுக்கும் என்னைத்தான் தேடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமையும் இருக்கிறதுதான்.

இவ்வளவும் செய்த எனக்கு அந்த வருசம் ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை.

என் மனுசி, லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில், ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த வீட்டு எசமானியை, பார்த்துக்கொண்டிருந்தவ. அந்தச் சிஞ்ஞோரா மாரிக் குளிரோடு கண்ணை மூடிவிட்டா. அதே நேரம் ஜேர்மனியில் மகள் இரண்டாவது பிள்ளைக்கு வயிற்றோடு இருந்தாள். "அம்மா, நீங்கள் ஒரேயடியா இஞ்சை வந்திடுங்கோ" என்று கேட்டாள். மனுசி ஓம் என்றுவிட்டா. கடையை விட்டுவிட்டு நான் வரமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சூட்கேஸ் நடையில் வந்து நின்றது.

"உமக்கு இந்த ஊர் வேண்டாமோ?" என்று ஒருநாள் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"இஞ்சை எனக்கு என்னப்பா கிடக்கு? இது வேலை செய்த ஊர். வேலை முடிஞ்சுது" என்றா.

'போகாதையும்' என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் பருப்பு மூட்டையை அடுக்கப் போய்விட்டேன்.

அந்தக் கிழமைதான் மனுசியின் சிநேகிதி ஒருத்தி வந்தா. போலந்துக்காரி, லிபெர்த்தாவில் பக்கத்து வீட்டில் வேலை செய்கிறவ. லீவில் தன்னுடைய கிராக்கோவ் ஊருக்குப் போய்வந்து போனில் படம் காட்டினா. பென்னாம்பெரிய சதுக்கம், ஆற்றங்கரை மேட்டில் அரண்மனை, மணிக்கொரு தரம் கோபுரத்தில் நின்று ஒருவன் ஊதுகிற எக்காளம். காட்டிவிட்டு, "உன்ரை பலெர்மோவிலை நீ என்னென்ன பாத்தனி?" என்று கேட்டிருக்கிறா. என் மனுசிக்கு பஸ் தரிப்பிடங்களின் பெயர்தான் வாயில் வந்ததாம்.

இரவு சாப்பாட்டில் சொல்லிச் சிரித்தா. "அவளின்ரை ஊரை முழுக்கப் பாத்திட்டன். நான் இருக்கிற ஊரைப் பாக்கேல்லை." சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை.

அடுத்த நாள் கடையைப் பூட்டினேன். செத்த வீட்டுக்கும் பூட்டாத கடை அது.

மனுசி கோயிலுக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலையும், வேலைக்குப் போடுகிற சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தா. அன்றைக்கு ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக்காற்று வீசியது. அது வீசினால் இந்த ஊர் வானம் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். தூரம் எது, கிட்ட எது என்று தெரியாது. கோபுரங்கள் எல்லாம் ஆரோ ஊதினால் கலைந்துபோகிற மாதிரி நின்றன.

நாற்சந்தியில், குவாத்ரோ காந்தியில், நான்கு மூலையிலும் சிலைகள் இருக்கின்றன. "இவை நாலு பேரும் சகோதரங்கள். காணி பிரிக்கேக்கை சண்டை வந்து, ஆளுக்கொரு மூலையிலை நிண்டிட்டினம்" என்று விளக்கம் கொடுத்தேன்.

"ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்ற பலகையை அவ எழுத்துக்கூட்டி வாசித்தா. "இது கோடை, மாரி எண்டு நாலு பருவமெண்டெல்லோ போட்டிருக்கு."

"அதுகளும் சண்டைதானே பிடிக்குது" என்றேன். கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தா.

வுச்சீரியாச் சந்தையில் மாதுளஞ்சாறு குடித்தோம். சாறு பிழிந்தவன் சேலையைப் பார்த்துவிட்டு, "எந்த நாட்டிலையிருந்து சுத்திப்பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டான். 'நாங்கள் இந்த ஊர்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். மனுசி முந்திக்கொண்டு, "தூரத்திலையிருந்து" என்றா. எனக்கு அது நெஞ்சில் இடித்தது.

அங்கேயிருந்து கால்சாவுக்கு நடந்தோம். கடற்கரைப் பக்கத்துப் பழைய பகுதி அது. இளமையில் மனுசி தரை துடைத்த மாளிகை ஒன்று அங்கே இருக்கிறது. அந்த வீட்டுச் சிஞ்ஞோரா போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகள் அதைத் திருத்தி, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடமாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் நான் பின்கதவடியில் ஸ்கூட்டரோடு நின்று மனுசியை ஏற்றிக்கொண்டு போவேன். அந்த வாசலைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

இரண்டு டிக்கெட் வாங்கினேன். வேறு ஆக்களும் சேர்ந்த பிறகு வழிகாட்டி முன்வாசல் சலவைக்கல் படியால் கூட்டிக்கொண்டு போவா, நில்லுங்கள் என்றார்கள். ஓம் என்று திரும்பினேன், மனுசியைக் காணவில்லை. பக்கத்து ஒழுங்கையால் நடந்துகொண்டிருந்தா. கால் தன்பாட்டில் போகிறது! பின்கதவு, பழைய குசினி, அதன் அடுப்புகளுக்குப் பின்னால் சுழன்று ஏறுகிற ஒடுக்கமான படி. கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஏறினேன். மேலே சுவரோடு சுவராய் ஒரு சின்னக் கதவு. தள்ளினா. நாங்கள் நடன மண்டபத்துக்குள் நின்றோம்.

ஒருதரும் இல்லை. யன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. இடுக்குகளால் வந்த வெளிச்சம் நூல் நூலாக விழுந்தது. அதற்குள் தூசி, ஒரு அவசரமும் இல்லாமல் மிதந்தது. சுவர் முழுக்கப் பட்டுத் துணி, அதன்மேல் பொன் பூசிய நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் மாம்பழச் சேலையோடு ஒரு மனுசியும் பக்கத்தில் ஒரு கிழவனும், கண்ணாடிக்குள் கண்ணாடியாய்ப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மனுசி சப்பாத்தைக் கழற்றினா. நானும் கழற்றினேன். ஏன் என்று தெரியாது. அவ நிலத்தைத்தான் பார்த்தா. பூவும் மிருகமும் வரைந்த பழைய ஓடுகள். "இஞ்சை பாருங்கோ, இந்தச் சிங்கத்தின்ரை வால் இன்னும் அழியேல்லை" என்று பெருவிரலால் தொட்டா.

"மேலையும் ஒருக்காப் பாருமன்" என்றேன்.

பார்த்தா. முகட்டில் மேகம், மேகத்துக்குள் பொம்பிளைகள், பறவைகள், விழாமல் தொங்குகிற பூமாலைகள். தலை சுற்றி என் கையைப் பிடித்தா. "இவ்வளவு காலமும் இவையள் எனக்கு மேலை இருந்தவையே?" என்று இரகசியம் மாதிரிக் கேட்டா. நாங்கள் எவ்வளவு நேரம் அப்படி அண்ணாந்து நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கூரை மெதுவாகச் சுற்றுகிற மாதிரியும், நாங்கள் அதோடு மிதக்கிற மாதிரியும் இருந்தது.

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. காவல் வேலை செய்கிற இளம் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். "இஞ்சை எப்படி வந்தனீங்கள்?"

விசாக் காகிதம் இல்லாமல் ஒருகாலம் வாழ்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எத்தனை வருசம் போனாலும் பொலிஸ்காரன் கேட்கிற மாதிரித்தான். சட்டைப் பை எல்லாம் தடவி டிக்கெட்டைத் தேடினேன். மனுசி பயப்படவில்லை. நிதானமாக இத்தாலியில் சொன்னா: "பிழை எங்களிலைதான் பிள்ளை. நான் இஞ்சை வேலை செய்தனான். எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான். வெயில் பட்டால் சுவர்ப் பட்டு மங்கிப்போமெண்டு சிஞ்ஞோரா யன்னல் திறக்க விடமாட்டா. பின்னேரத்திலை எல்லாத்தையும் இழுத்துப் பூட்டுறது என்ரை வேலை. திறந்து பாத்ததில்லை."

அந்தப் பிள்ளை சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டினாள். பிறகு மாடத்துப் பக்கத்துப் பெரிய யன்னலைக் காட்டி, "அப்ப அதை நீங்களே திறவுங்கோ, சிஞ்ஞோரா" என்றாள்.

சிஞ்ஞோரா! என் மனுசியை.

திறந்தா. வெளிச்சம் ஆளையே தள்ளுகிற மாதிரி உள்ளே வந்தது. சிங்கங்களும் பூக்களும் ஒரேயடியாக முழித்தன. வெளியே மாடம், அதற்கப்பால் கடல். கடலும் வானமும் ஒரே தேத்தண்ணி நிறம். அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கப்பல், தண்ணீரில் வருகிறதா காற்றில் வருகிறதா என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மாடத்தில் வைத்தாள். "மற்ற ஆக்கள் வரும்வரை இருங்கோ" என்று சொல்லிப் போய்விட்டாள்.

கதிரை ஒன்றுதான். மனுசி இருந்தா, நான் நின்றேன். சேலைத் தலைப்பு காற்றில் என் கையில் வந்து வந்து பட்டது. அந்தக் கப்பலைப் பார்த்தபடியே சொன்னேன்: "போகாதையும். நீர் இல்லாட்டி எனக்கு ஏலாது."

அவ திரும்பவில்லை. "இதைச் சொல்லத்தானோ காலமையிலையிருந்து ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்? வீட்டிலை வைச்சே சொல்லியிருக்கலாமே."

"வீட்டிலை வரேல்லை."

கப்பல் துறைமுகத்துக்குள் வந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "பிள்ளைப்பேறு பாக்காமல் இருக்கேலாது. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சுப்போட்டு வாறன். அதுக்குள்ளை கடைச் சாமான் முழுக்க வீட்டுக்குள்ளை அடுக்கிப்போடாதேங்கோ" என்றா.

சொன்னபடி வந்தா. சூட்கேஸ் இப்போது அலுமாரிக்கு மேலே வெங்காயத் தட்டுக்கு முண்டு கொடுத்துக்கொண்டு இருக்கிறது. போலந்துக்காரியைக் கால்சாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்த மாடத்தையும் காட்டினா, முன்வாசல் படியால்.

நான் இப்போதும் அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஒருதரம் தடக்கி விழுந்தும் இருக்கிறேன். ஆனாலும் இந்த ஊர் எனக்கும் மேலே இவ்வளவு வைத்திருந்தது என்ற நினைப்பு அந்தக் காயம் ஆறின பிறகும் போகவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆக்கள் வெறுங்காலோடு மலையேறிக் குகைக் கோயிலில் இந்த ஊர்க் காவல் புனிதை ரொசாலியா அம்மாவைக் கும்பிடுகிறது வழக்கம். வழி நெடுக மனுசி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போவா: "அம்மாதான் என்னை மறிச்சு வைச்சவ." போனில் மகளைக் கேட்டால், "அது அந்தச் சாவி வைச்சிருந்த அக்கா" என்பாள். நான் தண்ணிப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் கேட்டபடி வருவேன். அம்மாவுக்கு உரியதை அம்மாவுக்குக் கொடுங்கோ, நான் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் கொடுங்கோ; அவள் நல்லாயிருக்க வேண்டும். ஆனால் கடையைப் பூட்டினது நான், கேட்டது நான். என் பேர் போடாவிட்டாலும் பரவாயில்லை, 'போகாதையும்' என்று கேட்டவன் அவவின் புருசன்தான் என்று உங்கள் பத்திரிகையில் கட்டாயம் போடுங்கோ.