அண்ணனுக்கு ஒரு கூடார இடம்

லிஃப்ட்காரர் என்று சொன்னால் அந்த நகரத்து மாடிக் கட்டடங்களில் தெரியாதவர் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்தான் குறைவு. மொட்டை மாடி இயந்திர அறையில் இரும்புக் கயிறுகளுக்கு எண்ணெய் விடுவதும், மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கதவுகளைச் சரிக்கட்டுவதும் அவர் பிழைப்பு. யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்பார். உள்ளே இருப்பவருக்குப் போன உயிர் பாதி திரும்பிவிடும். வேலை முடிந்ததும் அந்த வாயைத் திறக்கவைக்க இன்னொரு மெக்கானிக்தான் வர வேண்டும்.

அவருக்கு ஒரே அண்ணன். தையல்காரர். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், அடுத்த மாநிலத்தில் கடை வைத்து அங்கேயே தங்கிவிட்டவர். அப்பா இறந்த அன்று அண்ணன் வந்த வண்டி வழியில் நின்றுபோனது. இவர் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடியாதென்று ஆளாளுக்குச் சொன்னார்கள், இவரும் தலையாட்டிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு வந்த அண்ணன் வாசலில் நின்றபடியே, "அப்பா முகத்தைக்கூடப் பார்க்க விடலையேடா. இனிமே உன் வாசப்படியை மிதிச்சேன்னா என்னன்னு கேளு" என்றார். இவரும் விடுவாரா? "உங்க படியை நானும் மிதிக்க மாட்டேன்" என்றார். சொன்னது இரண்டு மடையர்கள். அவதிப்பட்டது இரண்டு குடும்பம்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் அவர்களுடைய மனைவிமார், ஓரகத்திகள் இருவரும்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரையில் அரசாங்கப் பூங்கா ஒன்று இருக்கிறது. கூடாரம் போட்டுத் தங்க எண் போட்டு இடம் விடுவார்கள். "அது யாரு வீடும் இல்ல. அவங்கவங்க பேர்ல அவங்கவங்க இடம். யாரும் யாருக்கும் விருந்தாளி இல்ல" என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை அடுத்தடுத்த இடத்தில் இரண்டு கூடாரம். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள் என்றெல்லாம் இல்லை. இவர் கட்டின கயிற்றை அவர் அவிழ்த்துக் கட்டுவார். அவர் மூட்டின அடுப்பை இவர் அணைத்து மூட்டுவார். ஆனால் அந்த நாட்களில் லிஃப்ட்காரர் தூங்குவதுபோல் வேறெப்போதும் தூங்கி அவர் மனைவி பார்த்ததில்லை.

பூங்காவின் பேர் பரவ, வந்தது வினை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கு நாலு போனை வைத்துக்கொண்டு, முன்பதிவு திறந்த வேகத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். போன வருஷம் அண்ணனுக்குக் கிடைத்தது, ஏரிக்கு மிக அருகில் குடியிருக்கும் தம்பிக்குக் கிடைக்கவில்லை. வீம்பு, போகவில்லை. அண்ணன் தனியாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

அந்த ஆற்றாமைதான் அவரைக் கூட்டத்துக்கு இழுத்துப் போனது. பூங்காத் துறை மக்களிடம் கருத்துக் கேட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தறியாத மனிதர் எழுந்து நின்றார். "இந்த ஏரிக்கு வரி கட்டறது நாங்க. குப்பை பொறுக்கறதும் நாங்க. கூடாரம் போட மட்டும் எங்களுக்கு இடம் இல்லையா? முதல்ல இந்த மாநிலத்துக்காரங்களுக்குத் திறந்து விடுங்க. மிச்சத்தை மத்தவங்களுக்குக் குடுங்க" என்றார். கைதட்டல் ஓய நேரமானது. விதியும் அப்படியே வந்தது: இந்த மாநிலத்து மக்களுக்கு முன்பதிவு ஒரு வாரம் முந்தித் திறக்கும்.

அன்றிரவு சோறு போட்டபடியே மனைவி கேட்டார். "ரொம்ப நல்லாப் பேசினீங்களாம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. ஏங்க, உங்க அண்ணன் எந்த மாநிலம்?"

எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. சத்தியமாக அவருக்கு அது தோன்றவே இல்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணன் எந்த மாநிலத்துக்காரர் என்று யார் யோசிப்பார்கள்? அண்ணன் பக்கத்தில் உட்காருவதற்காகத்தான் அவர் அத்தனை பேர் முன்னால் நின்றார். அந்த அண்ணனையே வெளியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

தன் பெயரில் ஓர் இடமும் மனைவி பெயரில் அடுத்த இடமும் பிடித்தார். மனைவி ஓரகத்திக்குப் போன் போட்டு, "உங்களுக்கும் சேர்த்துப் போட்டாச்சு அக்கா, வந்துடுங்க" என்றார். பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "போன வருஷம் என் இடத்துக்கு அவன் வந்தானா? இப்ப அவன் இடத்துக்கு நான் மட்டும் போகணுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறகு ஓரகத்திகள் இன்னொரு வழி பார்த்தார்கள். வெளியாருக்குத் திறக்கும் நாளில் மனைவி பெயரில் இருப்பதை ரத்து செய்வது, அந்த நிமிஷமே அண்ணன் தன் பெயரில் எடுத்துக்கொள்வது. சொன்னபடி ரத்து செய்தார்கள். இடம் திரையில் பச்சையாக வந்தது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, போய்விட்டது. அண்ணி போனில், "உங்க அண்ணன் விரல் நகர்றதுக்குள்ள எவரோ எடுத்துட்டாங்க தம்பி" என்றார். கிழட்டு விரல் என்று லிஃப்ட்காரர் திட்டித் தீர்த்தார்.

ஆனாலும் மனைவியுடன் போய்க் கூடாரம் போட்டார். மறுபக்கத்து இடத்துக்கு ஒரு சலவைக்கடைப் பெண் தன் அம்மாவோடும் மகளோடும் வந்து இறங்கினாள். இவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சார், அன்னைக்குக் கூட்டத்துல பேசினது நீங்கதானே? வருஷா வருஷம் முயற்சி பண்ணி, நமக்கு முந்தித் திறந்ததால இப்பதான் கிடைச்சிருக்கு. இதே ஊர்ல பொறந்த எங்கம்மா இந்த ஏரியை இப்பதான் பார்க்கறாங்க. நீங்க நல்லா இருக்கணும் சார்."

அந்த அம்மாள் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? விதி சரியான விதிதான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தவர், திடீரென்று எழுந்து மடக்கு நாற்காலிகளை வண்டியில் ஏற்றினார்.

"எங்கேங்க?"

"அண்ணன் வீட்டுக்கு."

"வாசப்படியை மிதிக்க மாட்டீங்களே?"

"தெரு அரசாங்கத்து இடம்தானே? ஏறு."

பாலத்தைத் தாண்டி, அண்ணன் வீட்டுக்கு எதிரே நடைபாதையில் நாற்காலிகளை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். அண்ணி கதவைத் திறந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். வெகுநேரம் கழித்து அண்ணன் வந்தார். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, இறங்கி வந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும் போலிருந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவர்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார். "நீ பேசினது தப்பில்லடா. அங்க இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்."

"நீங்க சீக்கிரம் அமுக்கியிருந்தா கிடைச்சிருக்கும்."

"நான் அமுக்கவே இல்ல." அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "உன் அண்ணியை அப்படிச் சொல்லச் சொன்னேன். போன வருஷமே உன்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன், நீ வரல. இதயம் கையை விரிச்சிடுச்சுடா. இனிமே ஏரிக்கெல்லாம் என்னால வர முடியாது."

போன வருஷத்து வீம்பை நினைத்து வந்த அழுகையை மறைக்க, லிஃப்ட்காரர் அண்ணன் நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்தார், அது நன்றாகத்தான் நின்றது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. காற்றில் அண்ணன் உடம்பு நடுங்கியது.

"உள்ள போறேன்" என்று எழுந்த அண்ணனால் முதல் படியில் காலைத் தூக்க முடியவில்லை. அண்ணி ஓடிவந்து பிடித்தார், அவராலும் ஆகவில்லை. லிஃப்ட்காரர் அண்ணனின் அக்குளில் தோளைக் கொடுத்தார். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று படிகளில் ஏற்றி, தையல் மிஷினைச் சுற்றிக்கொண்டு போய், கட்டிலில் மெல்ல உட்காரவைத்தார்.

பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"செருப்போட வந்துட்டேன் அண்ணி."

"வெளியில போய்க் கழட்டாத. அந்தக் கட்டிலுக்கடியில போட்டுட்டு இப்படி உக்காரு" என்றார் அண்ணன்.