மொட்டை மாடியில் ஒரு சிவப்புப் புடவை

டேனியல் இன்று காலை போய்விட்டான். ஹார்ட் அட்டாக். சென்னையில், பாடி வீட்டிலிருந்து அவன் தங்கை போன் செய்தாள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் மீனம்பாக்கம் ஃப்ளையிங் கிளப்பில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டோம். அவன் வீடு பாடியில், என் வீடு கோவில்பதாகையில். பைலட் ஆகப்போகிறவர்கள்தான், ஆனால் கிளப்புக்குப் போனது பஸ்ஸில்... அதுவும் ஃபுட்போர்டில்.

தனியாகப் பறக்க விட்டதும் எங்கள் பேட்ச்சில் எல்லோரும் ரகசியமாகச் செய்த வேலை ஒன்று உண்டு. அவரவர் வீட்டை மேலிருந்து தேடுவது.

என் முறை வந்தபோது அம்மாவிடம், "நாளைக்குப் பத்து மணிக்கு மாடில செவப்புப் பொடவைய காயப் போட்டுட்டு நில்லும்மா" என்று சொல்லி வைத்தேன். பஸ்ஸில் டேனியலிடம் அதைச் சொல்லிப் பெருமையடித்தது வேறு.

அன்று நான் இருந்திருக்க வேண்டியது செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலே. இருந்ததோ கோவில்பதாகைக்கு மேலே.

புடவை தெரிந்தது. பக்கத்தில் கையாட்டும் அம்மாவும். சாய்த்து வட்டமடித்தேன். இன்னும் கிட்டத்தில் பார்க்க இன்னும் சாய்த்தேன்.

கிளப் ரேடியோவில் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் காதிலேயே விழவில்லை.

மூன்றாவதாக, கிளப் மைக்கிலிருந்து வந்தது டேனியலின் குரல். ரேடியோவில் ஆங்கிலம் தவிர எதுவும் பேசக்கூடாது.

"மச்சான், ஊட்ட அப்புறம் பாத்துக்கலாம். ஸ்பீட பாரு."

பார்த்தேன். முள் சரிந்து கிடந்தது. ஐந்நூறு அடிகூட உயரமில்லை. வேகம் குறைந்தால் அலறும் ஹாரன் எப்போதிலிருந்து அலறிக்கொண்டிருந்ததோ... விமானத்தின் மூக்கை இறக்கி, சிறகை நேராக்கி, த்ராட்டிலை முழுசாகத் தள்ளி வேகம் கூட்டினேன். பிழைத்தேன்.

தரையிறங்கியபோது அவன் இன்ஸ்ட்ரக்டரிடம் புடவை உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். ஒரு மாதம் எனக்குத் தனியாகப் பறக்கத் தடை.

"மச்சான்னு கூப்ட்டுகினே போட்டுக் குடுத்துட்டியேடா" என்று கத்தினேன். அதோடு பேச்சை விட்டவன்தான், வருஷக்கணக்கில் பேசவில்லை. மடையன் நான்.

போன மாதம்தான் நம்பர் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அன்று நீ சொன்னதால்தான் உயிரோடு இருக்கிறேன் என்றேன்.

"அதுக்கு முந்தின வாரம் பாடி மேல நானும் அதையேதான் பண்ணேன் மாமே. உழுந்துருப்பேன். யார்கிட்டயும் சொல்லல. நீயும் என்னாட்டம் மறைச்சிகினு மறுபடி போவியேன்னுதான் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொன்னேன்."

அழுகை வருகிறது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருக்கிறது... சொல்லிவிட்டேன். அவன் கேட்டுவிட்டான்.

அம்மாவுக்கு இத்தனை வருஷமும் எதுவும் தெரியாது. மகன் தன்னைப் பார்க்கத்தான் அவ்வளவு தாழப் பறந்து வந்தான் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவள். இன்று உண்மையைச் சொன்னேன். எழுந்துபோய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பிறகு, "அந்தப் புள்ள ஊட்டுக்கு என்னியும் இட்டுகினு போ" என்றாள்.

ஆட்டோ வந்துவிட்டது. அம்மாவும் நானும் வருகிறோம், டேனியல்.