பால் கடிக்கும்

குரங்கணிக்கு மேலே, பொதிமாடுகள் மூச்சு வாங்க நிற்கும் வளைவில்தான் என் வயிறு முதன்முதலாக என்னைக் கைவிட்டது. மாடுகள் நின்றன. நான் நிற்கவில்லை, புதருக்குள் ஓடினேன். திரும்பி வந்து கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் மறுபடி ஓடினேன்.

கூட வந்த மாட்டுக்காரர், "அண்ணே, தோட்டத்துக்கு அரிசி ஏத்த வந்தீகளா, காட்டுக்கு எரு போட வந்தீகளா?" என்றார். சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் ஒரு முறை ஓட வேண்டியதாயிற்று.

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றிப் போய், ஏலக்காயை இறக்கி வருவது என் சோலி. அப்போது எனக்கு நல்ல தொப்பை. மாடே என்னைப் பார்த்தால் தன் மேல் ஏற்றிவிடுவார்களோ என்று பயப்படும் என்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் தொப்பை இருந்த இடத்தில் வேட்டி மட்டும் இருந்தது. அதுவும் நிற்கவில்லை.

சிலமலையிலிருந்து வந்த வைத்தியர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கிராணி என்றார் (தின்றது தங்காமல் நாள்பட்டுப் போய்க்கொண்டே இருக்கும் குடல்நோய்). "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா, அப்பு, உம்ம வீட்டுக்கு நான் வந்திருக்க மாட்டேன். சங்குதான் வந்திருக்கும்."

மருந்து கொஞ்சம், பத்தியம்தான் மலை. பச்சரிசிச் சோறும் பசும்பாலும் மட்டும். உப்பு, புளி, காரம், எண்ணெய் எதுவும் ஆகாது. தாளிக்கிற வாசம்கூட மூக்கில் ஏறக்கூடாது. ஒரு மண்டலம் மருந்தோடு. அது முடிந்தபின் மருந்தே இல்லாமல் இன்னொரு மண்டலம் அதே சோறு (இதற்கு மறுபத்தியம் என்று பெயர்).

"உப்பில்லாம செத்துப்போவேனே" என்றேன்.

"உப்போடயும் அதேதான். எது சவுகரியம்னு நீரே பாத்துக்கிரும்."

என் மனைவி பேச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "தாளிப்பு ஆகாதுன்னா இந்த வீட்டுல யாருக்கும் ஆகாது. எல்லாரும் பால்சோறே திம்போம்." பத்தியக்காரன் முன்னால் வேறு வாசம் எழும்பக்கூடாது என்பதற்காக வீடே பத்தியம் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை அன்பு என்றுதான் நானும் நினைத்தேன். அன்புதான்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் முத்துவுக்குக் கருவாடு சேராது. தின்றால் கரப்பான் வந்துவிடும் (தோல் தடித்து அரிக்கும் நோய்). கருவாடு வாசமே இல்லாத வீடு அவனுக்கு நிம்மதி. இளையவள் வேலம்மாளுக்கு ஐந்து வயது. தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து கூழில் மோர் விட்டால் கும்பாவைத் தள்ளிவிடுவாள். கொழுப்பு என்று விட்டிருந்தோம்.

பால்சோற்றை முதல் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "அய்யா, பால் கடிக்குது."

"அடியாத்தி! பாலுக்குப் பல்லு மொளைச்சிருச்சா? எத்தனை பல்லுன்னு எண்ணிச் சொல்லு தாயி."

பால், பல் என்று தானாக வந்து விழுந்த வேடிக்கையில் எனக்கே மயக்கம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் எங்கள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்து, அடுத்த வாயை வாங்கிக்கொண்டாள்.

கும்பா கழுவிக் கவிழ்ப்பதற்குள் பிள்ளைக்கு உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தடித்தது. கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன.

அந்த மாசம் தெற்குத் தெருவில் அம்மை விளையாடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்காண்ணே. மருந்து கிருந்துன்னு வாயெடுக்காதீக. குளிர்ச்சியாக் குடுங்க."

வாசலில் வேப்பிலை ஏறியது. குளிர்ச்சி என்றால் எங்களுக்குத் தெரிந்தது மோரும் பாலும்தான். மணிக்கொரு தரம் கொடுத்தோம். அம்மை கண்ட வீட்டிலும் தாளிக்கக்கூடாது. "ஆத்தாளுக்கும் எனக்கும் ஒரே பத்தியம், உனக்கு ஒரு அடுப்பு மிச்சம்" என்று பேச்சியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு உதடு தடித்தது. வாந்தி எடுத்தாள். அப்புறம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு இழுப்பு. இழுக்கிற மூச்சு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றது. நானும் பேச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. சாயங்காலம் தணிந்தது. "ஆத்தா எறங்கிட்டா" என்றாள் செல்லத்தாயி. மறுநாள் மோர் கொடுத்தோம். மறுபடி ஏறிக்கொண்டது.

ஒரு மத்தியானம் தடிப்பெல்லாம் வடிந்து பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பால்சோற்றைப் பிசைந்து தின்றேன். அவள் தூக்கத்தில் முனகினாள். எச்சில் கை என்ற நினைப்பே இல்லாமல் கன்னத்தைத் தடவிக்கொடுத்தேன்.

பேச்சி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "பிள்ளையை அடிச்சீகளா?"

"தொட்டேன். அம்புட்டுதான்."

கன்னத்தில் நான்கு விரல் எழும்பியிருந்தது. ஓங்கி அறைந்ததுபோல. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோணல் சுண்டுவிரல் உட்பட அச்சு அசல் என் கை.

பேச்சி என் கையைப் பார்த்தாள், கும்பாவைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "ஆத்தா நாலு விரலாவா வருவா?"

கும்பாவை எட்டத் தள்ளினேன். பால் கடிக்குது என்று பிள்ளை சொன்னாளே, சொன்னாளே என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வைத்தியரைக் கூட்டிவர ஆள் போயிற்று. வந்தவர் வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றார். அம்மை வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைப்பதில்லை. விவரம் கேட்டார். "பாலைத் தொட்டு, பிள்ளை முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வையி தாயி" என்றார். பேச்சி வைத்தாள். காத்திருந்தோம். உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பொட்டு வைத்த இடம் புளியங்கொட்டை கணக்காகப் புடைத்தது. பேச்சி பிள்ளையைத் தூக்கி வாசலில் காட்டினாள்.

வைத்தியர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேப்பிலையைத் தலையால் விலக்கி உள்ளே வந்தார்.

"இது அம்மை இல்ல அப்பு. பால் கரப்பான். சில பிள்ளைக்குத் தேள் கடியாட்டம் ஏறும். மூச்சுல வந்து விழுந்திருக்கு. இன்னொரு சட்டி மோரு போதும்."

"எதுக்குப் போதும்?" என்று கேட்டேன். நான் அவ்வளவு முட்டாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அம்மை கண்ட பிள்ளைக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுமுன் வேப்பிலையை இறக்கினால் குற்றம் என்பார்கள். "ஆத்தா சும்மா இருப்பாளா?" என்று செல்லத்தாயி பதறினாள். நான் பின்வாங்கினேன். பேச்சியே அவிழ்த்தாள். "ஆத்தா வந்தா மறுபடி கட்டுறேன் மதினி. இங்க வந்திருக்கிறது ஆத்தா இல்ல, மாடு."

எனக்கோ பத்தியம் பாதிதான் முடிந்திருந்தது. பாலை விட்டால் குடல் போகும். வைத்திருந்தால் பிள்ளை போவாள். என்னை மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றினார்கள். எனக்கு வேண்டிய பாலை அங்கேயே கறந்து, அங்கேயே காய்ச்சி, அங்கேயே தின்றேன். மாடு எனக்கு முகம் கொடுத்தது, சமமாக நடத்தியது. சீயக்காய் போட்டுக் கை கழுவி, வேட்டி மாற்றிய பிறகுதான் வீட்டுப் படி. உள்ளே பிள்ளைகளுக்குக் கேப்பைக்களியும் கீரையும். தாளிக்கும் வாசம் தொழுவம் வரை வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்கள் பத்தியம் உங்கள் வயிற்றுக்குச் சொன்னது. பிள்ளை வயிற்றுக்கு அல்ல. பிள்ளை ஒன்றைத் தள்ளினால், கையைத் தட்டாமல் ஏன் என்று கேளுங்கள். அது சொல்லும் சொல் வேடிக்கையாக இருக்கலாம். சிரித்துவிட்டாவது கேளுங்கள்.

மறுபத்தியம் முடிந்த அன்று பேச்சி சோற்றில் ஒரு கல் உப்புப் போட்டாள். நாக்கில் பட்டதும் உச்சந்தலை வரை ஏறியது. குடல் தங்கிவிட்டது, தொப்பை திரும்பவில்லை. மலையேறும்போது உடம்பு யாரோ இரவல் கொடுத்ததுபோல லேசாக இருக்கிறது.

நாழிகைக் கணக்கும் மாறிவிட்டது. புதுப் பண்டம் எதையும் பிள்ளை வாயில் ஒரு துளி வைத்துவிட்டு, தடிப்பு எழும்பும் நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதைவிட நீளமான நேரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்று நாள் மலைப்பாதை அதற்குள் அடங்கிவிடும்.

தொழுவத்தை விட்டு வீட்டுக்கே திரும்பிய முதல் நாள் வேலம்மாளைக் கூப்பிட்டேன். வந்தாள், கைக்கெட்டாமல் நின்றாள்.

"கையைக் காட்டுய்யா."

நீட்டினேன். கோணல் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தாள். நான் மூச்சு விடவில்லை. கடைசி விரலையும் மோந்துவிட்டு, என் உள்ளங்கையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இப்பக் கடிக்கல" என்றாள்.