குடிலைத் தள்ளிவைத்த ஐந்து மில்லிமீட்டர்

நனைந்து காய்ந்து மடிப்பெல்லாம் கிழிந்த வரைபடமொன்றை அந்தப் பெண் என் மேசையில் விரித்தாள். எங்கள் அச்சுத்தான். ஓரிடத்தில் விரலை வைத்து ஜேர்மன் மொழியில் கேட்டாள்: “இந்தக் குடிலை இங்க வைச்சது ஆர்?”

நான்தான்.

சுவிஸின் பேர்ண் நகரில் வரைபடம் தயாரிக்கும் சிறிய நிறுவனமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அவள் காட்டியது ஆர்க்டிக்கில் ஆளில்லாத ஒரு தீவு. முன்னொரு காலத்தில் மூடுபனி விலகியபோது சீல் வேட்டைக் கப்பல் ஒன்று அதைக் கண்டது. கப்டன் இறங்கக்கூட இல்லை. தன் முதலாளியின் பெயரைச் சூட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். நடுவில் பனிமேடு, சுற்றிவரச் செங்குத்துக் கரை. படகு ஒதுங்கக் கிழக்கில் ஒரேயொரு குடா. பின்னாளில் வந்தவர்கள் அதனருகே ஒரு மரக்குடில் கட்டி, அடுப்பும் உணவும் வைத்துவிட்டுப் போனார்கள்.

தீவுக்கு வைத்த அந்த முதலாளியின் பெயரோ நீளம். லேபலைப் போட்டால் குடில் ஸிம்பலுக்கு மேல் விழுந்தது. என் வேலையைச் சரிபார்க்கும் சிவம் அண்ணையிடம் கேட்டேன்.

“குடிலைக் கொஞ்சம் தள்ளி வையும் தம்பி. ஆளில்லாத தீவு. அங்க ஆர் போகப்போகினம்?”

“ஓம் அண்ணை.”

நெருக்கமான இடத்தில் ஸிம்பலைத் தள்ளுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஐந்து மில்லிமீட்டர் தள்ளினேன். அந்த ஸ்கேலில் அது ஒன்றேகால் கிலோமீட்டர். குடில், குடாவின் முனையைத் தாண்டி வடக்குக் கரைக்குப் போனது. பார்க்க வடிவாக இருந்தது. அறப்படித்த பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்த கதைதான்.

என் மேசைக்கு முன் நின்ற அந்தப் பெண்ணும் அவளுடைய தம்பியும் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார்கள். பனிக்கட்டி படகை நசுக்கியதில் ஜிபிஎஸ், போன் எல்லாம் போயிற்று. சட்டைப்பையில் இருந்த வரைபடம் மட்டும் மிச்சம்.

“குடாவிலதான் கரையேறினனாங்கள். ஒண்டும் தெரியாத பனிப்புகார். குடில் முனைக்கு அங்கால எண்டு நம்பி நடந்தம். ரெண்டாம் நாள் அவன் எழும்பேல்லை. எங்களைத் தேடிவந்த ஹெலிகொப்டரில ஏறேக்கதான் குடிலைக் கண்டன். நாங்கள் கரையேறின இடத்துக்குப் பக்கத்தில.”

எங்கள் மேலாளர் ஓடிவந்தார். அந்த ஸ்கேலில் அது அனுமதிக்கப்பட்ட அளவு, விதிப்படி பிழையில்லை என்றார். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

“ஏன் தள்ளினீங்கள்?” அவள் என்னைத்தான் கேட்டாள்.

“பேர் வடிவாய் விழவேணும் எண்டு.”

வேறு காரணம் இருக்கவில்லை. அவள் வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, இடம் போதாவிட்டால் பெயரைக் கடலுக்குள் தள்ளுங்கள். ஆளில்லாத தீவில் ஒருவர் குடில் கட்டுகிறார் என்றால், என்றைக்காவது அங்கே யாரோ அகப்படுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்குத் தெரிவதற்கு ஒரு பொடியன் சாகவேண்டியிருந்தது.